கையிலா, தரையிலா

நிலநடுக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் நாத்தனார் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அண்ணி பூகம்பத்துக்கு வரன் பாக்குறவங்க" என்று சொல்லி, சாம்பார் ஊற்ற வந்தவரைக்கூடச் சிரிக்க வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் பட்டது. வரன் பார்க்கிற வேலையேதான்.

ஒரு கட்டடத்தைத் தரையில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் கட்டுவோம். உலகத்தில் எங்கோ எப்போதோ நிஜமாக வந்துபோன நிலநடுக்கங்களின் பதிவுகளை எடுத்து, அதன் அடியில் ஓட விடுவோம். நிற்கிறதா, சாய்கிறதா என்று பார்ப்போம். எந்தப் பதிவுகளை ஓட விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மண் பொருந்த வேண்டும்; நிலப்பிளவு இருக்கும் தூரம் பொருந்த வேண்டும்; அதிர்ச்சியின் பலம் பொருந்த வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கு ஜாதகம் பார்ப்பது என்றே பெயர். பதினோரு பதிவுகளைப் பொறுக்கிக் கையெழுத்துப் போடுவேன். சாதுவான பதிவுகளாகப் பொறுக்கினால் தூண்கள் ஒல்லியாக வரும், செலவு குறையும், என்னை எல்லோரும் மெச்சுவார்கள். பூமி மட்டும் மெச்சாது.

பிளவிலிருந்து எட்ட இருக்கிற ஊர்களுக்குப் பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. பிளவுக்குப் பக்கத்தில்தான் பஞ்சம். அங்கே நிலம் ஆடுவதற்கு முன்னால் தள்ளும். ஒரே ஒரு தள்ளு, பின்னாலிருந்து எருமை வந்து முட்டியதுபோல. அந்த முதல் தள்ளிலேயே பதிவு செய்கிற கருவியும் போய்விடும், அதை வைத்திருந்த கொட்டகையும் போய்விடும். அதனால் உலகம் முழுக்க பதினைந்து இருபது பதிவுகளையே மாற்றி மாற்றி இரவல் வாங்கி எல்லாரும் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சல்லடை வந்தது. அது ஒரு நிரல். நிலம் நடுங்குகிற நேரத்தில் யாராவது கைபேசியில் குரல்செய்தி பதிந்துகொண்டிருந்தால், அந்தச் செய்திக்குள் பேசினவரின் குரல் மட்டுமல்ல, அவர் காலடியில் இருந்த நிலமும் இருக்கும். சல்லடை இரண்டையும் பிரித்துவிடும். நிலம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். நிலத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அரிசி. குரலுக்கு உமி. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. குரலை நாங்கள் கேட்கக் கூடாது என்பது சட்டம். அது குடும்பத்தின் சொத்து. கோடாக வரைந்து பார்க்கலாம், அவ்வளவுதான். செய்தியைப் பெற்றவர் சம்மதித்து, தன் கையாலேயே திறந்து கொடுக்க வேண்டும்.

சங்குமுனை எங்கள் தீவுகளில் போர்ட் பிளேருக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஊர். ராமநாதபுரத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்து குடியேறிய தமிழர்கள். மீனும் பாக்கும்தான் பிழைப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஊருக்கு அடியிலேயே பிளவு வாயைத் திறந்தது. ஊர் ஆஸ்பத்திரி முதல் தள்ளிலேயே உட்கார்ந்துவிட்டது. அதையும் ஜாதகம் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள், இரவல் பதிவுகளை வைத்து. பத்துப் பொருத்தமும் இருந்ததாம்.

இப்போது அதே இடத்தில் புது ஆஸ்பத்திரி வர வேண்டும். தீவில் வேறு சமதரை கிடையாது. பதிவு பொறுக்கும் வேலை எனக்கு வந்தது.

"வேதா, இரவல்லயே முடிச்சிடும்மா. குழு கூடப் போகுது" என்றார் எங்கள் தலைவர் குலசேகரன் சார்.

"அந்த இரவலை வச்சுத்தானே சார் போன ஆஸ்பத்திரியக் கட்டுனாங்க? விழுந்ததையே மறுபடி கட்டுறதுக்கு நான் எதுக்கு? பழைய ஃபைலைத் தூசி தட்டிக் குடுத்துடலாமே."

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"அது ஒண்ணுதான் சார் எங்கப்பா எனக்குச் சேத்து வச்ச சொத்து."

முறைத்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் மேலே நெருக்குகிறவர்கள் இருந்தார்கள். "சரி, தேடு. அங்கேயே பதிஞ்ச ஒரு பதிவு, ஒண்ணே ஒண்ணு கொண்டு வா. இல்லன்னா வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு" என்றார்.

தொலைபேசி நிறுவனத்தின் பழைய குறிப்புகளைக் கிளறியதில் ஒன்று அகப்பட்டது. அந்தக் காலையில், ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஒரே ஒரு குரல்செய்தி. பேசியவள் ஞானம்மா, அங்கே ஆயாவாக இருந்தவள், இடிபாட்டில் இறந்துபோனவள். செய்தி போனது அவள் புருஷன் சவரியப்பனுக்கு. நீளம் முக்கால் மணி நேரம் என்று இருந்தது. குரல்செய்தி யாராவது முக்கால் மணி நேரம் பேசுவார்களா? ஏதோ பிசகு என்று நினைத்துக்கொண்டு சங்குமுனைக்குக் கப்பல் ஏறினேன்.

சவரியப்பன் வீட்டு வாசலில் படகு என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்த காரியத்தைக் கேட்காமலே உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் செய்தியை அவர் இன்னும் திறக்கவே இல்லை என்பதை மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை. அவர் தயங்குவது குரலை நினைத்து என்று எண்ணிக்கொண்டு, சமாதானம் சொல்கிற சாக்கில் வாயைவிட்டேன்.

"கவலப்படாதீங்கண்ணே. அவங்க குரலை நாங்க தொடக்கூட மாட்டோம். சல்லடையில போட்டா அரிசி எங்களுக்கு, உமி உங்களுக்கு."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"உமியா?"

"இல்லண்ணே, அது சும்மா எங்க ஆபீஸ்ல..."

"என் பொண்டாட்டி பேசுனது உமியா?"

அவர் சத்தம் போடவில்லை. "டீ குடுத்துட்டேன். அதனால குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கப்பல் மறுநாள்தான். காலையில் படகுத்துறையில் அவரைத் தேடிப் போனேன். பதிவு கிடைக்காவிட்டாலும் மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார். ஞானம்மா என்ற பெயர், அதற்குக் கீழே திறக்காத செய்திக்கு உண்டான நீலப் புள்ளி, பக்கத்தில் அந்த முக்கால் மணி நேரம்.

"மூணு போன் மாத்திட்டேன். இது மட்டும் அப்படியே வந்துக்கிட்டு இருக்கு" என்றார். "தங்கச்சி, பொத்தானை அழுத்திப் புடிச்சாத்தானே பேச்சு பதியும்? வெரல எடுத்தா அனுப்பிடும். அப்படித்தானே?"

"ஆமாண்ணே."

"அப்ப முக்கால் மணி நேரம் வெரல எடுக்கலன்னுதானே அர்த்தம்?"

படித்த முட்டாளுக்கு அப்போதுதான் உறைத்தது. நிலம் ஆடியது ஒரு நிமிஷம்கூட இல்லை. நான் எதைப் பிசகு என்று நினைத்தேனோ அதை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் ஒன்பது வருஷமாக இருக்கிறார்.

"முதல் தள்ளுலயே போயிட்டா, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு ஃபாதர் சொன்னாரு. டாக்டரும் சொன்னாரு. நானும் தலையாட்டுனேன். அப்புறம் டவர் சரியாச்சு, இது வந்து விழுந்துச்சு. அன்னைக்கு நான் கடல்ல கிடந்தேன். கடல்ல இருக்கறவனுக்கு நிலம் நடுங்குறது தெரியாது. அடிப்பலகையில ஏதோ தட்டுன மாதிரி இருந்துச்சு, திமிங்கிலமோ என்னவோன்னு நினைச்சேன். அந்த முக்கால் மணி நேரமும் வலை போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், தங்கச்சி."

கைபேசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

"காலையில சண்ட வேற. ரோசிய, எங்க பொண்ண, மெயின்லேண்டுக்கு நர்ஸு படிக்க அனுப்பணும்னா. பொட்டப் புள்ளையக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன்னுட்டேன். அவ சரியான வாயாடி. பேசுறப்ப நான் உம் கொட்டலன்னா கோவம் பொத்துக்கிட்டு வரும். செவுத்துக்கிட்டயா பேசுறேன்னு கேப்பா. அன்னைக்கு அவ பேசுனதுக்கு ஒரு உம்மு கூடக் கொட்டல. டிபன எடுக்காமக் கிளம்பிட்டேன்."

"ரோசி?"

"அனுப்பிட்டேன். அவ அம்மா போன மறுவருஷமே அனுப்பிட்டேன்." கைபேசியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "கல்லு ஏதாச்சும் பொத்தான்மேல விழுந்து அழுத்திக்கிட்டு கிடந்திருக்கலாம்ல?"

"இருக்கலாம்ணே."

"கேட்டாத் தெரிஞ்சிடும். அதான் கேக்கல."

இங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற சாதி இல்லையே நான். "கேக்காமலும் தெரிஞ்சிக்கலாம்ணே" என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.

"கையில இருக்கற போனும் தரையில கிடக்கற போனும் ஒண்ணா ஆடாது. கை மெத்தை மாதிரி, அதிர்ச்சியில கொஞ்சத்தை அதுவே வாங்கிக்கும். அதனால எந்தப் பதிவையும் சேர்க்கறதுக்கு முன்னாடி கையில இருந்துச்சா, தரையில இருந்துச்சான்னு பாத்துடுவோம். கையிலன்னா, கை விழுங்குனதைக் கணக்குல கூட்டிப் போடுவோம். அப்பத்தான் தூணெல்லாம் போதுமான பருமன்ல வரும். கூட்டாம விட்டா கட்டடம் ஒல்லியாயிடும்."

"கையில இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கையில நாடி ஓடுமில்ல, அது போன்ல பதிஞ்சிடும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சவரியப்பன் வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் தங்கச்சி" என்றார் கடைசியில். "தெரியாம இருக்கற வரைக்கும்தான் எனக்குத் தூக்கம். நீ இரவலை வச்சே கட்டிக்க."

வெறுங்கையோடு போர்ட் பிளேருக்குத் திரும்பினேன். குலசேகரன் சார் கேட்டபோது உதட்டைப் பிதுக்கினேன். இரவல் பதிவுகளை வைத்துப் பதினொன்றை அடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன். அடுக்கும்போதெல்லாம் அந்தப் பழைய ஆஸ்பத்திரி உட்கார்ந்த படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் படத்துக்குள் எங்கேயோ ஞானம்மா இருந்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள், ஆய்வக வாசலில் சவரியப்பன் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு துணிப்பை. கப்பலிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"ரோசிக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றார், உட்காரக்கூட இல்லை. "எங்க தெரியுமா? சங்குமுனைப் புது ஆஸ்பத்திரிக்கு. கட்டி முடிக்குற வரைக்கும் கொட்டகையில நடக்குமாம், அப்புறம் கட்டடத்துக்கு மாறுமாம். உலகத்துல எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கு, அம்மா நின்ன எடத்துலதான் நிப்பேங்குறா. ஆத்தாளோட புடிவாதம் அப்படியே வந்திருக்கு."

"நல்ல விஷயம்தானேண்ணே."

"நல்லதுதான். எந்தத் தூணுக்குக் கீழ நிக்கப் போறா? நீ இரவலை வச்சுக் கட்டுற தூணுக்குக் கீழதானே?"

அவர் கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எடுத்துக்க. ஒரே ஒரு கண்டிஷன். கை இருந்துச்சா, இல்லையான்னு எங்கிட்டத்தான் முதல்ல சொல்லணும். ஆபீசுக்கு அப்புறம்."

"சொல்றேண்ணே."

"பொய் சொல்லாமச் சொல்லணும்."

"சொல்றேண்ணே."

ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, செய்தியை அவரே தொட்டுத் திறந்தார். நீலப் புள்ளி போய்விட்டது. அது இருந்த இடத்தை ஒருமுறை கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சல்லடை ஓடியது. திரையில் முதலில் நிலம் வந்தது. அதன் முதல் தள்ளைப் பார்த்தேன். இரவல் பதிவுகள் எல்லாம் அதற்கு முன்னால் கிள்ளுக்கீரை. அந்த ஆஸ்பத்திரி ஏன் உட்கார்ந்தது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். அதன் பிறகு ஆட்டம், பிறகு ஆட்டம் அடங்கிக் கோடு தட்டையானது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டையான கோட்டின்மேல் ஈர மணலில் நண்டு ஓடிய தடம்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசையாக, விட்டு விட்டு.

நாடி. முதலில் வேகமாக ஓடியது. போகப் போக நிதானமாயிற்று. அதற்கும் பிறகு தடங்களுக்கு நடுவே இடைவெளி விழத் தொடங்கியது. கீழே குரலின் கோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் பேச்சு இருக்கிற இடம் மேடாகத் தெரியும். கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம், மறுபடியும் மேடு. சரிந்த கட்டடத்துக்குள் கிடந்துகொண்டு முக்கால் மணி நேரமும் அவள் பொத்தானை விடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் நண்டுத் தடம் நின்றது. கொஞ்ச தூரத்தில் கோடும் நின்றது. விரல் விலகியிருக்கிறது, செய்தி கிளம்பியிருக்கிறது.

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன தங்கச்சி?" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே.

கப்பல் ஏறி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்கிற ஒரு மனுஷரிடம் அதைச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை. எதை எதையோ கொட்டுகிற வாய்.

"கை இல்லண்ணே."

"என்ன?"

"கை இல்ல. நாடியே தெரியல. தரையிலதான் கிடந்திருக்கு. நீங்க சொன்ன மாதிரி கல்லு ஏதோ பொத்தான்மேல அழுத்திக்கிட்டு இருந்திருக்கு. அப்புறம் வந்த சின்ன ஆட்டத்துல அது நகர்ந்திருக்கு. அதான் செய்தி போயிருக்கு."

"அப்ப அவ?"

"முதல் தள்ளுலயேண்ணே. ஃபாதர் சொன்னது சரிதான்."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பொய் சொன்னதற்காக அந்த நேரத்தில் எனக்கு வருத்தமே இல்லை. செய்தது புண்ணியம் என்றுகூட நினைத்தேன்.

அந்த நினைப்பு திரையைத் திரும்பிப் பார்க்கும்வரைதான். சல்லடை தன் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றது. பதிவின் நிலை: கையில், தரையில். இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். தொட்ட பிறகு சொந்தக்காரரின் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் நானோ குலசேகரன் சாரோ யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. பதிவு உலகத்துக்குப் பொதுவாகிவிடும்.

தரையில் என்று தொட்டால் பொய் காப்பாற்றப்படும். கை விழுங்கிய அதிர்ச்சி கணக்கில் வராமல், ரோசி நிற்கப் போகிற தூண்கள் ஒல்லியாகும். கையில் என்று தொட்டால் தூண்கள் தேறும். ஆனால் அவர் இதோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம். என் விரல் அந்தரத்தில் நின்றது. மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"என்ன யோசிக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணே."

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். அந்த நண்டுத் தடம் அங்கேதான் இருந்தது. நான் மூட மறந்திருந்தேன். படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் புள்ளி. அவருக்கு என்னவாகத் தெரிந்ததோ.

"அன்னைக்குத் துறையில சொன்னியே. கையிலன்னு போட்டா, குறைஞ்சதைக் கூட்டிப் போடுவீங்கன்னு."

"ஆமாண்ணே."

"தரையிலன்னு போட்டாக் கூட்ட மாட்டீங்க."

"மாட்டோம்."

"அப்ப கையிலன்னே போடு."

"அண்ணே..."

"நீ சொன்னதை நான் நம்புறேன் தங்கச்சி. கை இல்ல. கல்லுதான். சரியா?" குரல் சாதாரணமாக இருந்தது, வலை என்ன விலை என்று பேசுவதுபோல. "ஆனா புள்ள அங்க நிக்கப் போறா. தூணு கொஞ்சம் பருமனா இருந்துட்டா யாருக்கு என்ன நட்டம்? கையிலன்னே போடு."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் என்பதைத் தொட்டேன். அவர் கட்டைவிரலை வைத்தார்.

"காதுல மாட்டிக்குற மெஷின் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"எதுக்குண்ணே?"

"கேக்கத்தான்."

"இப்பவா? வேண்டாம்ணே..."

"கல்லு கிடக்குற சத்தம்தானே. அதைக் கேக்கறதுக்கு என்ன பயம்?"

குடும்பத்தினர் கேட்பதற்கென்று எங்களிடம் ஒரு சின்ன அறை உண்டு. ஹெட்போனைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். கதவின் தாழ் சரியாக விழாது. எத்தனையோ முறை சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை. கதவு ஒருக்களித்தே நின்றது. நான் நகர்ந்திருக்கலாம். கால் நகரவில்லை.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கேட்டது.

"உம்."

கொஞ்சம் கழித்து, "உம்... உம்."

ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று தெரியாது. அவர் உம் கொட்டிக்கொண்டிருந்தார். சில உம் சின்னது, சில நீளமானது, ஒன்று சிரிப்பில் போய் உடைந்தது. இடையில் ஒருமுறை, "அனுப்பிட்டேன்டி, அனுப்பிட்டேன்" என்றார். மறுபடி உம். எங்கேயும் நிறுத்தவில்லை. அந்த முக்கால் மணி நேரமும், ஒரு வார்த்தைகூடச் செவுத்துக்குப் போகாமல், உம் கொட்டி முடித்தார். கடைசியில் உம் நின்ற பிறகும் வெகுநேரம் நாற்காலி அசைகிற சத்தமே வரவில்லை.

நான் சுவரோடு சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. முகம் மட்டும் கழுவிவிட்டதுபோல இருந்தது. ஹெட்போனின் ஒயரை ஒழுங்காகச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"நீ சொன்னது சரிதான் தங்கச்சி. வெறும் கல்லு சத்தம்தான். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றார்.

எனக்காகச் சொன்ன பொய் அது. என் பொய்யை அவர் வாங்கிக்கொண்டதுபோல நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

பதினோரு பதிவுகளில் அதைத்தான் முதலாவதாக வைத்தேன். குழுவில் கூச்சல் போட்டார்கள். ஆஸ்பத்திரியா, கோட்டையா என்று ஒருவர் கேட்டார். குலசேகரன் சார் வாயே திறக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் பழைய ஆஸ்பத்திரியின் படத்தை எடுத்து மேஜையில் போட்டு, "இது ரெண்டாவது தடவை வேணுமா?" என்று கேட்டார். அதோடு கூச்சல் அடங்கியது. அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் யாராவது உமி என்று சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இப்போது யாரும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரி திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காத தூண்கள். பிரசவ வார்டு வாசலில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். சொல்லாமலே தெரிந்தது, ரோசி.

"வேதா மேடம்தானே? அப்பா சொல்லியிருக்காரு." கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணும் மேடம். அந்த மெசேஜ் நீளத்தை நான் படிக்கப் போறதுக்கு முன்னாடியே அப்பா போன்ல பாத்திருக்கேன். அப்பாகிட்டக் கேக்க பயம். வெளியூர்ல படிக்கறப்ப எத்தனையோ நாள் தூக்கமே வராது. அம்மா அவ்வளவு நேரம் உயிரோட கிடந்தாங்களோன்னு நினைச்சு நினைச்சு..."

நான் தூணைப் பார்த்தேன்.

"முதல் தள்ளுலயே போயிட்டாங்கன்னு நீங்கதான் மெஷின்ல கண்டுபிடிச்சீங்களாமே. பதிவுல கையிலன்னு போட்டிருக்கே, என்னன்னு கேட்டேன். தூணு பருமனா வரட்டும்னு நான்தான் போடச் சொன்னேன்னு அப்பா சிரிக்கிறாரு. கேடி அவரு. அதுக்கப்புறம்தான் மேடம் எனக்கு நிம்மதியா தூக்கம் வருது. நிஜம்தானே மேடம்? கல்லுதானே?"

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் சவரியப்பன் நின்றிருந்தார். அதே இஸ்திரி சட்டை. ஒரு தூணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியும். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதுதான் தெரியாது.

அவளுக்கு நான் சொன்னது ஒரே ஒரு சொல்தான்.

"உம்" என்றேன்.